காலம் தீர்ப்புச் சொல்லுமா?
நிக் ட்றேக்கின் பிந்திய புகழும் நமது ஒலிநாடாக்களும்

புலம்பெயர்ந்த நமது எழுத்தாளர்களிடையே ஒரு நம்பிக்கை நீண்டகாலமாக நிலவி வருகிறது. இருநூறு பிரதிகள் அச்சாகும் சஞ்சிகையில் எழுதுபவரும், விற்காத தன் கவிதைத் தொகுதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவரும், பத்துப் பேர் வந்த மண்டபத்தில் நாடகம் போட்டவரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "காலம் தீர்ப்புச் சொல்லும்." இதனைச் சொல்லும்போது நமக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. காலம் என்ற ஒரு நீதவான் எங்கோ உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறார் என்பது போலவும், நாம் செய்ய வேண்டியது இனி ஒன்றுமில்லை என்பது போலவும்.

இந்த நம்பிக்கையைப் பரிசோதிப்பதற்கு எனக்கு ஒரு மனிதரின் கதை உதவியாக இருக்கிறது. நிக் ட்றேக் என்ற ஆங்கிலப் பாடகர். 1969 முதல் 1972 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டார். எதுவும் விற்கவில்லை, முதலில் வெளிவந்தபோது ஒவ்வொன்றும் ஐயாயிரம் பிரதிகளைக்கூடத் தாண்டவில்லை என்றே பொதுவாகக் கணிக்கப்படுகிறது. 1974 நவம்பர் 25ஆம் திகதி, 26 வயதில், பெற்றோர் வீட்டில் இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024 யூலையில், லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் பிபிசியின் புறொம்ஸ் இசைவிழாவில் ஒரு முழு இரவு அவருடைய பாடல்களுக்கென ஒதுக்கப்பட்டது. "பார்த்தீர்களா, காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது என்று தோன்றும். ஆனால் விபரங்களுக்குள் இறங்கினால் கதை வேறாக இருக்கிறது.

அதற்கு முன்னர் ஒரு கேள்வி. வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன் ஒருவனின் துயரம் நமக்கு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் ஈரமான வயல்வெளியைப் பாடியவராகவே நிக் ட்றேக் பேசப்படுகிறார். ஆனால் அவர் பிறந்த இடம் றங்கூன். 1948 யூன் 19. பர்மா சுதந்திரமடைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அவருடைய தந்தை றொட்னி ட்றேக், பொம்பே பர்மா வர்த்தகக் கொம்பனியின் பொறியியலாளர். இந்தக் கொம்பனியின் பெயர் பர்மாவின் சரித்திரத்தில் நன்கு பதிந்த ஒன்று. 1885இல் தேக்குமரக் கணக்கில் மோசடி என்று தீபோ மன்னரின் அரசு இக்கொம்பனிக்கு அபராதம் விதித்தது. அதனையே சாட்டாக வைத்து பிரிட்டன் மூன்றாவது பர்மியப் போரைத் தொடங்கி மேல் பர்மாவையும் விழுங்கிக்கொண்டது. தாய் மொலி, றங்கூனிலேயே பிறந்தவர். இந்திய சிவில் சேவை அதிகாரி ஒருவரின் மகள். 1937இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அந்த றங்கூன் எப்படிப்பட்ட நகரம்? 1931ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கப்பலில் வந்திறங்கிய தெலுங்கர், தமிழர், வங்காளிகள். வட்டிக்கடை நடத்திய செட்டியார்களிடம் 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு போய்ச் சேர்ந்திருந்தது. ட்றேக் குடும்பமும் நமது ஆட்களும் ஒரே நகரத்தில், ஒரே சாம்ராச்சியத்தின் வெவ்வேறு படிகளில் வாழ்ந்தார்கள்.

1942இல் ஜப்பானியப் படை வந்தபோது இரு சாராரும் ஓடினார்கள். மொலி ட்றேக் தன் சகோதரியோடு டெல்லிக்கு வந்து சேர்ந்தார். அங்கு உறவினர் வீடு இருந்தது. சகோதரிகள் இருவரும் 'லொயிட் சகோதரிகள்' என்ற பெயரில் அகில இந்திய வானொலியில் பாடினார்கள். மூத்த பிள்ளை கேப்ரியேல் 1944இல் லாகூரில் பிறந்தார். அதே 1942இல் நாலைந்து இலட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் அரக்கான் மலைகளூடாகவும், தாமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்கோங் பள்ளத்தாக்கூடாக அசாமுக்கும் கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு காட்டப்பட்டதாக இந்தியத் தலைவர்கள் அந்நேரமே குற்றம்சாட்டினர்.

இதை நிக் ட்றேக் மீது வைக்கும் குற்றச்சாட்டாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் அப்போது பிறக்கவேயில்லை. நான் சொல்ல வருவது, அகதியாகும்போதுகூட மனிதர்கள் கையில் எதை எடுத்துச் செல்ல முடிகிறது, போய்ச் சேரும் இடத்தில் அவர்களுக்கு எது காத்திருக்கிறது என்பது சமமாக இருப்பதில்லை என்பதுதான். ஒரு குடும்பத்துக்கு டெல்லியில் ஒரு ஒலிவாங்கி காத்திருந்தது. காட்டுவழியில் நடந்தவர்கள் பாடிய ஒப்பாரிக்கு எந்த ஒலிவாங்கியும் இருக்கவில்லை. பின்னால் வரப்போகும் புகழின் முதல் வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

1950களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரான்வேர்த்-இன்-ஆடன் என்ற சிறு கிராமத்தில் குடியேறியது. கரென் இனத்துப் பணிப்பெண் ஒருவரும் பர்மாவிலிருந்து கூடவே வந்தார். வீட்டில் ஒரு பியானோ இருந்தது. மொலி தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. றொட்னிக்கு எதையும் பதிவு செய்து வைக்கும் பழக்கம். மனைவியின் பாட்டுகளை 1950களில் அவர் நாடாவில் பிடித்துவைத்தார். வெளியுலகில் எவருக்கும் அவை பற்றித் தெரியாது.

மகன் மார்ல்பறோ கல்லூரியில் படித்து, பிரான்சில் சில மாதங்கள் தங்கி, 1967இல் ஆங்கில இலக்கியம் படிக்கக் கேம்பிறிட்ஜ் போனார். கிற்றாரின் தந்திகளை வழமைக்கு மாறாகச் சுருதி சேர்த்து, வலக்கை விரல்களால் இழுத்து, தாழ்ந்த குரலில் பாடும் ஒரு முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். அவரை 'ஃபோக்' பாடகர் என்று வகைப்படுத்துவது வழக்கம். நமது 'நாட்டார் பாடல்' என்ற சொல்லை இதற்கு அப்படியே போடமுடியாது. 1960களின் பிரிட்டனில் பழைய கிராமியப் பாடல்களைத் தேடியெடுத்துப் பாடியவர்களையும், கிற்றாருடன் தம் சொந்தப் பாட்டைப் பாடிய படித்த இளைஞர்களையும் ஒரே சொல் குறித்தது. மதுச்சாலைகளின் பின்னறைகளில் நடந்த ஃபோக் கழகங்களே இருவருக்கும் மேடை.

ஃபெயார்போட் கொன்வென்ஷன் குழுவின் அஷ்லி ஹட்சிங்ஸ் இவரைக் கேட்டுவிட்டு, தயாரிப்பாளர் ஜோ பொய்ட்டிடம் சொன்னார். பொய்ட் ஒப்பந்தம் செய்தார். 1969இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ற்' வெளிவந்தது. சிகரெற் சுற்றும் தாள்ப் பெட்டியில் ஐந்து தாள்களே மிச்சம் என்று நினைவூட்டும் துண்டுச்சீட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அந்த இசைத்தட்டில் ஒரு செய்தி என் கவனத்துக்குரியது. தந்திவாத்திய இசைக்கோர்ப்புக்கு அனுபவம் வாய்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். வாயே திறக்காதவர் என்று பேர்பெற்ற இந்த இளைஞர், அது சரிவரவில்லை, என் கேம்பிறிட்ஜ் நண்பன் றொபேட் கேர்பி செய்வான் என்று பிடிவாதமாக நின்றார். கேர்பியும் அப்போது மாணவர்தான். தன் கலையில் என்ன வேண்டும் என்று திட்டமாகத் தெரிந்த ஒருவரை இங்கே காண்கிறோம். பின்னால் கட்டப்பட்ட 'காற்றில் ஆடும் மெல்லிய பூ' என்ற படிமத்தோடு இது ஒட்டவில்லை.

மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கிற்றாரை வேறு சுருதிக்கு மாற்ற வேண்டும். அந்த நிமிடங்களில் சபையோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். சனம் கதைக்கத் தொடங்கிவிடும். சில தடவைகளில் பாதியில் எழுந்து போயிருக்கிறார். கச்சேரி செய்யாத, பேட்டி கொடுக்காத ஒருவரின் தட்டை எந்தக் கொம்பனியாலும் விற்க முடியாது. 1971இல் வந்த 'பிறைற்றர் லேற்றர்' விற்பனைக்கென்றே சற்றுக் களையோடு செய்யப்பட்டது, அதுவும் படுத்துவிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில், இரண்டு இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜோன் வூட் மட்டும் உடனிருக்க, 28 நிமிடமேயான 'பிங்க் மூன்' பதிவாயிற்று. 1972 பெப்ரவரியில் வெளிவந்தது. அந்த மூல நாடாவைக் கொம்பனி வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார் என்று ஒரு கதை உலாவுகிறது. உண்மையில் அவர் அதனைக் கொம்பனி முதலாளி கிறிஸ் பிளாக்வெல்லின் கையிலேயே கொடுத்தார். ஆனால் ஐதீகத்துக்கு வரவேற்பு மேசைதான் வசதி.

இந்த ஐதீகம் பற்றி நாம் கொஞ்சம் பேசவேண்டும். துயரம்தான் கலையைப் பெற்றுத் தந்தது, நோய்தான் பாட்டின் ஊற்று என்று நிக் ட்றேக்கைப் பற்றி எழுதுபவர்களில் பலர் சொல்லாமல் சொல்கிறார்கள். நம்மிடையேயும் குடித்தழிந்த கவிஞனையும் மனம் பேதலித்த ஓவியனையும் இப்படிக் கொண்டாடும் வழக்கம் உண்டு. ஆதாரங்கள் மறுபுறம் நிற்கின்றன. மனச்சோர்வு முற்றியபின், 1972இல் ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தபின், அவரால் செய்யமுடிந்தது மிகச் சில பாட்டுகளே. 1974இல் மீண்டும் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தபோது ஒரே நேரத்தில் வாசிக்கவும் பாடவும் அவரால் முடியவில்லை. கிற்றாரை முதலில் பதிந்து, குரலைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. முன்னர் அதுவே அவருக்கு மூச்சுவிடுவது போல இருந்தது. நோய் பாட்டைத் தரவில்லை. இருந்த பாட்டையும் பறித்தது. மரண விசாரணை தற்கொலை என முடிவு செய்தது. அது தவறுதலாக நேர்ந்திருக்கலாம் என்று குடும்பத்தினரும் நண்பர்கள் சிலரும் கருதினர். அதனை இங்கு விவாதிப்பது பயனற்றது. மகனின் கடைசி ஆண்டுகளில் தந்தை நாள்தோறும் குறிப்பெழுதினார். அதன் பகுதிகள் 2014இல் வெளியான நூலில் இருக்கின்றன. அதில் காவியத் துயரம் எதுவும் கிடையாது. இன்று சாப்பிட்டானா, காரை எடுத்துக்கொண்டு எங்கே போனான், மருந்து எடுத்தானா என்று கவலைப்படும் ஒரு தகப்பன்தான் அங்கே இருக்கிறார். 'விசர்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா உளநோயையும் அடக்கி, வீட்டுக்குள் பூட்டி வைக்கும் நமது சமூகம் வாசிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

இனிப் புகழ் வந்த கதை. இதைத்தான் 'காலம்' செய்தது என்கிறோம். நான் பார்க்கும்போது ஒவ்வொரு படியிலும் பேர் சொல்லக்கூடிய ஒரு மனிதரும், கையால் தொடக்கூடிய ஒரு பொருளும் இருக்கக் காண்கிறேன்.

முதலாவது, ஒரு நிபந்தனை. ஜோ பொய்ட் 1970களின் தொடக்கத்தில் தன் நிறுவனத்தைப் பிளாக்வெல்லிடம் விற்றுவிட்டு அமெரிக்கா போனார். போகும்போது, நிக் ட்றேக்கின் இசைத்தட்டுகளை ஒருபோதும் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்ததாகத் தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். விற்காத பொருளைக் கொம்பனிகள் அழித்துவிடுவது அன்றும் இன்றும் நடைமுறை. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் பின்னால் தேடிவந்தவர்களுக்குக் கடையில் ஒன்றும் கிடைத்திராது.

இரண்டாவது, ஒரு திறந்த கதவு. மகன் இறந்தபின் அவன் பாட்டைக் கேட்ட முன்பின் தெரியாத இளைஞர்கள் அந்தக் கிராமத்து வீட்டைத் தேடி வந்தார்கள். பெற்றோர் அவர்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து, அவனுடைய அறையைக் காட்டி, வீட்டில் பதிந்த நாடாக்களைப் பிரதி எடுத்தும் கொடுத்தார்கள். அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி உலகம் சுற்றின.

மூன்றாவது, தோல்விகள். 1979இல் 'ஃப்ரூட் ட்றீ' என்ற பெயரில் மூன்று இசைத்தட்டுகளும் கடைசிப் பாட்டுகளும் ஒரு பெட்டியாக வந்தன. அப்பெயர் முதல் இசைத்தட்டிலுள்ள ஒரு பாட்டினுடையது. அது செத்தபின் வரும் புகழைப் பற்றியது. பெட்டி விற்கவில்லை, 1983இல் கைவிடப்பட்டது. 1986இல் பொய்ட் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் மறுபடி வெளியிட்டார். காலம் தீர்ப்புச் சொல்ல முன்வந்தபோதெல்லாம் முதலில் 'இல்லை' என்றே சொல்லியிருக்கிறது. கேட்டுக்கொண்டேயிருந்தவர்கள் மனிதர்கள்.

நான்காவது, ஒரு கார் விளம்பரம். இங்கேதான் நமது தூய்மைவாதிகள் நெளிவார்கள். 1999இல் வொல்க்ஸ்வாகன் கொம்பனி அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் 'பிங்க் மூன்' பாட்டைப் பாவித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் விற்ற அந்தத் தட்டு அமெரிக்காவில் 2000இல் எழுபதாயிரத்துக்கு மேல் விற்றது. முப்பது ஆண்டு விமர்சனம் செய்யாததை ஒரு நிமிட விளம்பரம் செய்துவிட்டது. சந்தையைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த விளம்பரக்காரர்கள் எடுப்பதற்கு ஒரு நல்ல பதிவு அலுமாரியில் இருந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பாதுகாத்தவர்கள் இல்லாத இடத்தில் சந்தைகூட வந்து எதையும் எடுப்பதில்லை.

ஐந்தாவது, இழுப்பறைகள். 1974இல் பதிந்த நாடா ஒன்றைக் கடைசிவரை ஓடவிட்டபோது எவருக்கும் தெரியாத ஒரு பாட்டு இருந்தது. அது 2004இல் வெளியாயிற்று. 2025இல் முதல் இசைத்தட்டின் உருவாக்கம் பற்றிய பெரிய தொகுப்பு வந்தது. அதன் அடித்தளம் இரண்டு பழைய நாடாக்கள். ஒன்றைச் சகபாடகி பெவர்லி மார்ட்டின் பத்திரப்படுத்தியிருந்தார். மற்றதைக் கேம்பிறிட்ஜில் கூடவிருந்த ஒருவர் 1968இல் பதிந்து பல பத்தாண்டுகள் வைத்திருந்தார். மொலி ட்றேக்கின் கதை இன்னும் வலுவான சான்று. கணவர் 1950களில் பதிந்த அவருடைய பாட்டுகள் பரவலாக வெளியானது 2013இல். அவர் 1993லேயே இறந்துவிட்டார். ஒரு இல்லத்தரசி வரவேற்பறையில் பாடியதை அறுபது ஆண்டு கழித்து உலகம் கேட்கிறது. மகன் இசைக்கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர். தாயிடம் ஒன்றும் இல்லை. அவருக்கிருந்தது ஒரு நாடாவும், அதை எறியாத ஒரு குடும்பமும் மட்டுமே.

ரான்வேர்த் தேவாலய வளவுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். மரத்தடியில் சிறு கல். நிக், றொட்னி, மொலி மூவருடைய பெயரும் அதிலுண்டு. அக்கல்லின் முன் எனக்குத் தோன்றியது அஞ்சலியைவிடக் கணக்கு என்றுதான் சொல்லவேண்டும். இவர்களும் ஓடிவந்தவர்கள்தான். ஆனால் ஓடியதற்குப் பின்னால் ஒரு நிலையான வீடு, ஒரு பதிவுக்கருவி, அலுமாரி, திறமையான ஒரு மகள், எழுதிவைக்கும் பழக்கம் எல்லாம் இவர்களுக்கு வாய்த்தன. 1942இல் றங்கூனிலிருந்து நடந்தவர்களுக்கும், 1960களில் நே வின் ஆட்சியில் சொத்தெல்லாம் பறிகொடுத்துக் கப்பலேறிச் சென்னையில் 'பர்மா பஜார்' போட்டவர்களுக்கும் அது வாய்க்கவில்லை. அவர்களில் பாடக்கூடியவர்கள் இருந்திருக்கமாட்டார்களா? மனச்சோர்வில் அமிழ்ந்த ஒரு இளைஞன் இருந்திருக்கமாட்டானா?

நமக்கு இது பழைய கதையல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தது. 2009இல் வன்னியில் நடந்தவர்கள் பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையில் நடந்தார்கள். அந்த வீடுகளில் விட்டுவந்தவற்றுள் கூத்து அண்ணாவிமாரின் கொப்பிகளும், கல்யாண வீட்டில் பதிந்த பாட்டுக் கசெற்றுகளும், எவரும் கேட்டறியாத பாடகர்களின் குரல்களும் இருந்தன. காலம் அவர்களுக்கு என்ன தீர்ப்புச் சொல்லும்? வழக்கே தாக்கல் செய்யப்படவில்லை.

ஆகவே எனது கருத்து இதுதான். பிந்திய புகழ் கலையின் தரத்துக்குத் தானாகக் கிடைக்கும் பரிசு அல்ல. தரம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சமமான தரமுடைய இருவரில் எவர் நினைக்கப்படுகிறார் என்பதை வர்க்கமும், இடமும், பாதுகாத்தவர்களின் பிடிவாதமும் தீர்மானிக்கின்றன. வர்க்கத்தையும் இடத்தையும் நம்மால் உடனே மாற்றமுடியாது. மூன்றாவது நம் கையில் உள்ளது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அச்சுப் பிரதிகளுக்குச் செய்த வேலை எவ்வளவு பெரியது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குரல்களுக்கும் அந்த வேகம் வேண்டும். காந்த நாடா நிரந்தரமானதல்ல. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், பதிவு மங்கும். ஸ்காபறோவிலும் லா சப்பலிலும் ஓஸ்லோவிலும் நம் வீட்டு நிலவறைகளில் கிடக்கும் 1980களின் கசெற்றுகளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள்?

நமது புலமையாளர்கள் பலருக்கு இது எழுதுவினைஞர் வேலையாகத் தோன்றலாம். ஒரு கசெற்றை எடுத்து, பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீட்டில் பதிந்தது என்று கேட்டெழுதி, கணினியில் ஏற்றி, இரண்டு இடத்தில் பிரதி வைப்பதில் எந்தத் தத்துவமும் இல்லை. ஆனால் றொட்னி ட்றேக் என்ற பொறியியலாளர் செய்தது இவ்வளவுதான். அந்த வேலையை நாம் செய்யாமல், இன்னும் முப்பது ஆண்டுகளில் நமது இசையின் வரலாற்றை எழுதுவதற்கு எதை வைத்து உட்காரப்போகிறோம்? இதற்கு மாற்றுக் கருத்துடையவர்கள் எழுதவேண்டும். கசெற்று வைத்திருப்பவர்கள் அதற்கு முன் எழுதவேண்டும்.